மரபணு மாற்றிய பாக்டீரியாவைக் கழிவுநீரில் விடலாகாது

தடுப்பூசிப் புரதங்களை ஈ.கோலை பாக்டீரியாவில் உருவாக்கும் பணி இன்று கல்லூரி ஆய்வகங்கள் வரை பரவியிருக்கிறது. ஆனால் புரதத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் வளர்ப்புக் கரைசலை உயிருள்ள செல்களோடு கைகழுவும் தொட்டியில் ஊற்றுவதும், உரிய ஒப்புதலைப் பணி தொடங்கிய பிறகு தேடுவதும் ஓயாமல் காணப்படும் தவறுகளாக உள்ளன.

நோய்க்கிருமியின் ஒரு புரதத்துக்குரிய மரபணுவைப் பிளாஸ்மிட் எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் பொருத்திப் பாக்டீரியாவுக்குள் செலுத்தினால், அது அப்புரதத்தைப் பெருமளவில் தயாரிக்கிறது. சீனாவின் ஹெபடைடிஸ் ஈ தடுப்பூசியான ஹெக்கோலின் இவ்வாறே உருவானது. முழு வைரஸ் இல்லாததால் இப்புரதம் நோயை உண்டாக்காது. அபாயம் பிளாஸ்மிட்டில் இருக்கிறது. செல்களை அடையாளம் காண்பதற்காக அதில் ஆம்பிசிலின், கனாமைசின் போன்ற மருந்துகளை எதிர்க்கும் மரபணு சேர்க்கப்படுவதால், அது சாக்கடையிலுள்ள பிற பாக்டீரியாக்களுக்குக் கைமாறக்கூடும். ஆய்வக இனம் வெளியே நெடுநாள் பிழைக்காது என்ற சமாதானம் இதற்கு விடையாகாது.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வந்த 1989ஆம் ஆண்டு விதிகளின்படி, இத்தகைய பணி செய்யும் நிறுவனம் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவை அமைக்க வேண்டும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பிரதிநிதி ஒருவரும் அதில் இடம்பெற வேண்டும். நுண்ணுயிரின் இனம், பிளாஸ்மிட், செருகிய மரபணு, வளர்ப்பின் அளவு, கழிவை அழிக்கும் முறை ஆகிய அனைத்தையும் எழுதி, முதல் குடுவையைத் தொடுமுன்பே அக்குழுவிடம் அளிக்க வேண்டும். அபாயம் மிகுந்த பணிகளுக்கு அத்துறையின் மரபணுக் கையாளுதல் மீளாய்வுக் குழுவின் அனுமதியும் தேவை. கையெழுத்துக்காக மட்டும் கூடும் குழு எவரையும் காப்பதில்லை.

2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் உயிரித் தொழில்நுட்ப ஆய்வகத்தின் வளர்ப்புக் கழிவை மஞ்சள் பிரிவில் சேர்த்து, அது உருவாகும் இடத்திலேயே கிருமி நீக்கம் செய்யப்பட வேண்டும் என்கின்றன. ஆட்டோகிளேவ் எனப்படும் நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரமேனும் வைப்பது வழக்கம்; கழிவு அதிகமானால் நேரமும் கூட வேண்டும். ஒட்டுநாடாவின் நிறமாற்றம் கலன் சூடேறியதை மட்டுமே காட்டும். உள்ளிருக்கும் செல்கள் இறந்ததை உறுதிசெய்ய, வெப்பம் தாங்கும் வித்துகள் அடங்கிய உயிரியல் சோதனைக் குப்பிகளைக் குறித்த இடைவெளியில் பயன்படுத்திப் பதிவேட்டில் எழுத வேண்டும். மீண்டும் வலியுறுத்த வேண்டியது இது: கிருமி நீக்கம் செய்யாத கரைசல் ஒரு சொட்டுகூடத் தொட்டியில் விழலாகாது.

சிதறலோ கசிவோ நேர்ந்து ஆபத்து விளையுமெனில் அதை மறைக்க எவருக்கும் உரிமையில்லை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழுவுக்கு நிறுவனம் உடனே தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளது. அந்நிறுவனம் அரசினுடையதாயின், அதன் குழுக் கூட்டக் குறிப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவரோ அண்டை வீட்டாரோ கோரலாம். பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு. வாய்மொழிப் புகார் கோப்பில் ஏறாது என்பதால், நாள், இடம், கண்ட செயல் ஆகியவற்றை எழுதி ஆட்சியர் அலுவலகத்தில் அளித்து ஒப்புகைச் சீட்டுப் பெற வேண்டும்.