எலும்பு கூடிடுச்சு, ஜவ்வு?

இந்த வார எபிசோடில் ஸ்கேன் மெஷின்களைப் பத்திப் பேசினோம். நேரம் போதாமல் விட்டுப்போன ஒரு விஷயத்தை இங்கே எழுதிடறேன்.

டென்மார்க்கில் சில்க்போர்க் ஊர் மியூசியத்தில் 'டோலுண்ட் மனிதன்' இருக்கிறார். சுமார் 2,400 வருஷத்துக்கு முன்னால் தூக்கிலிடப்பட்டவர். 1950-இல் பக்கத்துச் சதுப்பு நிலத்தில், கழுத்தில் கயிறோடு கிடைத்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள்; கழுத்து எலும்பு உடையவில்லை. இதைப் படிச்சப்போ எனக்குத் தோணினது இதுதான்: எக்ஸ்ரே எலும்பைப் பத்தித்தான் பேசும். ரெண்டு முள்ளெலும்புக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு, அதாவது டிஸ்க், அதில் தெரியாது. நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்குன்னு காட்டும், அவ்வளவுதான்.

அவருக்கு இனி அதனால் ஒண்ணும் ஆகப்போறதில்லை. ஆனா பைக்கில் இருந்து விழுந்து முதுகெலும்பு உடைஞ்சு, ஸ்க்ரூவும் ராடும் போட்டுக்கிட்ட 15 வயசுப் பையனுக்கு அப்படி இல்லை. "எலும்பு நல்லா கூடிடுச்சு"ன்னு எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொன்னதும் வீட்டில் எல்லாரும் நிம்மதி ஆயிடுவாங்க. அந்த முதுகை அவன் இன்னும் அறுபது வருஷம் சுமக்கணும்.

டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் கிட்டத்தட்ட கிடையாது. மேலும் கீழும் இருக்கும் எலும்பிலிருந்து, நடுவில் உள்ள மெல்லிய குருத்தெலும்புத் தகடு வழியாகத்தான் ஆக்சிஜனும் குளுக்கோஸும் கசிஞ்சு வருது. வளரும் வயசில் எலும்பு வளர்வதும் இந்தத் தகட்டை ஒட்டிய இடத்தில்தான். 1998-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இளம் பன்றிகளின் முதுகெலும்பை அழுத்திப் பார்த்தபோது, முதலில் விட்டுக்கொடுத்தது இந்த வளர்ச்சிப் பகுதிதான். தகடு உடைந்தால் டிஸ்க்கின் சாப்பாட்டு வழியே கெடுது. எலும்பை நிமிர்த்தி ஸ்க்ரூ போடலாம். அந்தத் தகட்டைப் பழையபடி ஆக்க ஆபரேஷனால் முடியாது.

டிஸ்க்கைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. நீர்ச்சத்து உள்ள டிஸ்க் 'டி2' படத்தில் வெள்ளையாகத் தெரியும், வறண்டால் கறுத்துப்போகும். 2001-இல் வந்த ஃபிர்மான் அளவுகோல் இதை ஐந்து படிகளாகப் பிரிக்குது. சிக்கல், ஸ்க்ரூ உள்ளே இருந்தால் உலோகம் காந்தப்புலத்தைக் குலைச்சு, பக்கத்தில் இருக்கும் டிஸ்க்கையே மறைச்சிடும். ஸ்டீலைவிட டைட்டானியத்தில் இந்தத் தொல்லை குறைவு. 2009 வாக்கில் வந்த செமாக், மேவ்ரிக் ஸ்கேன் முறைகள் இன்னும் கொஞ்சம் உதவுது. எலும்புகளை ஒட்டவைக்காமல் தற்காலிகமாகப் பிடிச்சு வைக்கும் ஆபரேஷன் என்றால், எலும்பு கூடினபின் ஸ்க்ரூவை எடுத்துடலாம். அப்புறம் படமும் தெளிவாகும், அந்த இடத்து அசைவும் ஓரளவு திரும்பும்.

பயப்படவும் வேண்டாம். படத்தில் கறுப்பாக இருக்கும் டிஸ்க் எல்லாமே வலிக்காது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் அது சகஜம். சின்ன வயசில் உடைஞ்ச எலும்பு, வளர வளர ஓரளவு தானாகவே சீராவதும் உண்டு. ஆனால் பின்னாளில் வலி வந்தால், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் கையில் இருக்கணும்.

அதனால் இப்படி ஒரு பிள்ளை உங்க வீட்டில் இருந்தால், டாக்டரிடம் மூணு கேள்வி கேளுங்க. தகடு உடைஞ்சதா, எந்த டிஸ்க் பக்கம்? எலும்புகளை ஒட்டவச்சீங்களா, தற்காலிகமாகப் பிடிச்சு வச்சிருக்கீங்களா? ஸ்க்ரூ எந்த உலோகம், எப்போ எடுக்கலாம்?

கடைசியா நம்ம ஏரியா விஷயம் ஒண்ணு. பிலிமை மட்டும் வாங்கிட்டு வராதீங்க. ஸ்கேன் சென்டரில் டைகாம் ஃபைல்களைக் கேட்டு வாங்கி, ரெண்டு இடத்தில் பேக்கப் எடுத்து வைங்க. பிலிம் பீரோவுக்குள் ஒட்டிக்கிட்டுப் பாழாகும். பையனுக்கு 40 வயசாகும்போது பார்க்கப்போகிற டாக்டருக்கு அந்த ஃபைல்தான் பேசும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.