திருகு இறுக்க ஆள் போக முடியாத காமிரா

நலமான பயிரும் பச்சைதான். நோய் தொடங்கிய பயிரும் பல நாள் பச்சையாகவே தெரியும். இரண்டையும் நம் கண் பிரித்தறியாது. அறியக்கூடியது ‘ஹைப்பர்ஸ்பெக்ட்ரல்’ காமிரா. நிலத்திலிருந்து எழும் ஒளியை மெல்லிய நிறக்கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அளப்பது இதன் வேலை. பயிர், மண், கனிமம் ஒவ்வொன்றுக்கும் கைரேகை போல் ஓர் ஒளிரேகை உண்டு.

2008 ஏப்ரல் 28-ல் இந்தியா ஏவிய ஐ.எம்.எஸ்.-1 செயற்கைக் கோளில் இருந்த இத்தகைய காமிரா 64 கீற்றுகளில் பார்த்தது. அதில் ஒரு புள்ளி என்பது சுமார் அரை கிலோ மீட்டர் நிலம். 2018 நவம்பர் 29-ல் ஏவப்பட்ட ‘ஹைசிஸ்’, 30 மீட்டர் நிலத்தையே தனியாகக் காட்டும்படி அமைக்கப்பட்டது. அதன் ஒளியுணர் சில்லு ஆமதாபாத்தில் வடிவமைக்கப்பட்டு, சண்டிகர் அருகேயுள்ள மொகாலியில் தயாராயிற்று. 380 கிலோ எடையுள்ள கோள் உருவானது பெங்களூரில்.

பந்தி பெரிது, சோறு கொஞ்சம்

ஹைசிஸின் பாதை 636 கி.மீ. உயரத்தில். அங்கிருந்து தரையை விநாடிக்கு ஏறத்தாழ 7 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டும். 30 மீட்டர் நிலத்தைப் பார்க்கக் கிடைப்பது விநாடியில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் வரும் சிறிதளவு ஒளியையும் எல்லாக் கீற்றுகளுக்கும் பங்கிட வேண்டும். கீற்றுகளைக் கூட்டினால் பங்கு குறையும். பெரிய லென்ஸ் வைத்தால் எடை ஏறும். வடிவமைப்பாளரின் தலைவலி இதுதான்.

குலுக்கிப் பார்க்கும் மேஜை

ராக்கெட்டின் அதிர்ச்சியைத் தாங்குமா என்று அதிர்வு மேஜையில் குலுக்குகிறார்கள். காற்று நீக்கிய அறையில் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வைக்கிறார்கள். உட்புறம் வெண்பூச்சுப் பூசிய கோளத்திலிருந்து வரும் சீரான ஒளியைக் காட்டி, எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு சொல்கின்றனவா என்று பார்க்கிறார்கள்.

நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. கீற்றுகள் சில நானோமீட்டர் நகர்ந்தாலே நல்ல பயிர் நோயுற்றதாகத் தெரியக்கூடும். அதை நம்பி மருந்தடித்தால் நஷ்டம் விவசாயிக்கு.

வானமே அளவுகோல்

விண்ணில் சென்றபின் ஒரு திருகைக்கூட இறுக்க இயலாது. ஆனால் சரிபார்க்க வழியுண்டு. காற்றிலுள்ள பிராணவாயு 760 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்குகிறது. அந்தக் கறுப்புக் கோடு இடம் மாறாது. படத்தில் அது தள்ளித் தெரிந்தால், நகர்ந்தது கருவிதான். அந்த அளவுக்குக் கணக்கைத் திருத்திக் கொள்ளலாம். தரையில் எடுத்து வைத்த அளவுகள் இல்லாவிட்டால் இந்தத் திருத்தமும் நம்பகமாகாது.