ஊருக்கு அடிக்கடி போய்வருவோர்க்கு எந்த விசா?

நம் பாட்டன்மார் காலத்தில் ஊருக்குப் போய்வருதல் என்றால் அது கப்பற் பயணமே. பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ 'ரஜூலா' கப்பலில் ஏறி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கினர். அக்கப்பல் 1973ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. அதன் பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985இல் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அந்தக் கடல்வழியும் முடிவுற்றது. வாழ்நாளில் ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை ஊரைக் கண்டுவந்தவர்களே அன்று பெரும்பாலோர். இன்றோ கோலாலம்பூரில் விமானம் ஏறினால் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கலாம். ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும் மாதங்களில் ஒரு நடை, குலதெய்வக் கோயில் குடமுழுக்குக்கு ஒரு நடை, உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு மற்றொரு நடை என, தோட்டப்புறத்திலிருந்து ஆண்டுக்கு இரு முறை செல்வோரும் உளர்.

பயணம் எளிதாயினும், மலேசியக் குடிமக்களாகிய நாம் இந்தியாவில் வெளிநாட்டவரே என்பதை மறத்தலாகாது. பாட்டன் பிறந்த மண்ணாயினும் அங்கு நுழைய விசா என்னும் நுழைவனுமதி வேண்டும். இதில் நம்மவர் இரு வகையில் தவறுகின்றனர். ஒவ்வொரு பயணத்திற்கும் சிறிய விசாவையே எடுத்துத் திரும்பத் திரும்பக் கட்டணம் கட்டுவது ஒன்று. கையிலுள்ள விசா எத்தனை நாளுக்கு என்பதைப் பாராமல் தங்கிவிடுவது மற்றொன்று. முன்னதில் போவது பணம். பின்னதில் போவது பணம் மட்டுமன்று.

இந்திய அரசு 2014ஆம் ஆண்டு நவம்பரில் மின்வழி விசா முறையைத் தொடங்கிற்று. தூதரக வாயிலில் நிற்காமல், கணினியிலோ கைப்பேசியிலோ விண்ணப்பித்துப் பெறுவது இது. சுற்றுலா விசா என்று பெயரிருப்பினும், உறவினரையும் நண்பரையும் காணச் செல்வதற்கும் இதுவே உரியது. ஆகவே, "நான் ஊர் சுற்றவா போகிறேன், தங்கச்சியைப் பார்க்கத்தானே போகிறேன்" என்று தயங்க வேண்டுவதில்லை. முப்பது நாள், ஓராண்டு, ஐந்தாண்டு என மூவகையில் அது வழங்கப்படுகிறது.

முப்பது நாள் விசாவின் கணக்கு, முதன்முறை இந்தியாவில் இறங்கிய நாளிலிருந்து தொடங்கும். அந்த முப்பது நாளுக்குள் இரு முறை நுழையலாம். திருச்சியில் இறங்கி, இடையில் கொழும்பிலுள்ள உறவினரைக் கண்டு, மீண்டும் திருச்சிக்குத் திரும்புவோர்க்கு இந்த இரண்டாம் நுழைவு பயன்படும். ஆனால், 'இரு முறை' என்றிருப்பதைக் கண்டு, பங்குனியில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை எனப் பொருள்கொள்வது பிழை. முப்பது நாள் கழிந்தால் இரண்டாம் நுழைவும் கழிந்ததே. இந்த விசாத் தாளில் காணும் இறுதி நாள், அதற்குள் இந்தியாவில் இறங்க வேண்டிய நாளாகும். அதுவரை தங்கலாம் என்பதன்று.

ஓராண்டு, ஐந்தாண்டு விசாக்களின் கணக்கு வேறு. இவற்றில் எத்தனை முறையும் போய்வரலாம். ஆயின் காலக் கணக்கு இறங்கிய நாளிலிருந்து அன்று, விசா வழங்கப்பட்ட நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். இவற்றிற்குப் பயண நாளுக்கு 120 நாள் முன்னதாகவே விண்ணப்பிக்க இடமுண்டு. முன்கூட்டியே எடுத்துவைப்பது நன்று என்று எண்ணி நான்கு மாதம் முன்பே ஓராண்டு விசா பெற்றவர், வீட்டிலிருந்தபடியே அதில் மூன்றில் ஒரு பங்கை இழந்தவராவார். பயணத்திற்கு மூன்று நான்கு வாரம் இருக்கையில் விண்ணப்பிப்பதே நம் கருத்தில் ஏற்றது. குறைந்தது நான்கு நாளாவது முன்னதாக விண்ணப்பித்தல் விதி. முப்பது நாள் விசாவுக்கு, பயணத்திற்கு முந்திய முப்பது நாளுக்குள்தான் விண்ணப்பிக்கலாம்.

ஐந்தாண்டு விசா இருக்கிறதென்பதால் அங்கேயே குடியிருந்துவிடலாம் என்பதன்று. சனவரி முதல் டிசம்பர் வரையிலான ஓராண்டில் எல்லாப் பயணங்களையும் கூட்டி 180 நாளுக்கு மேற்படலாகாது. ஒரே பயணத்தில் எத்தனை நாள் என்பதற்கு, விசாத் தாளிலும், இறங்கும்பொழுது அதிகாரி இடும் முத்திரையிலும் காணும் நாளே சான்று. முத்திரை இடப்பட்டதும் அங்கேயே நின்று அந்நாளைப் படித்துக்கொள்ளுதல் நல்ல பழக்கம்.

எனவே எதைத் தெரிந்தெடுப்பது? திருமணத்திற்கென ஒரே முறை செல்பவர்க்கு முப்பது நாள் விசா போதும். ஆண்டிற்குள் மறுமுறை செல்வது உறுதியெனில் ஓராண்டு விசா. முதுமையடைந்த தாயோ தமக்கையோ அங்கிருக்க, எப்பொழுது செய்தி வருமோ என்றிருப்பவர்க்கு ஐந்தாண்டு விசாவே தக்கது. இதனை நாம் அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. இறப்புச் செய்தி நள்ளிரவில் வரும். மறுநாள் காலை விமானத்தில் இடமும் கிடைக்கும். விசா கைவசம் இல்லாதவர்க்கு விண்ணப்பித்த பின் காத்திருக்கும் நாட்களிலேயே ஈமக்கடன் முடிந்துவிடும். பிறகு சென்று படத்தின் முன் நிற்பதற்கும், உரிய நேரத்தில் சென்று தோள்கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் விளக்க வேண்டியதில்லை.

விண்ணப்பிக்கும் முறையில் கவனிக்க வேண்டியவை சில. கடவுச்சீட்டு, இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருத்தல் வேண்டும். முத்திரையிட இரண்டு வெற்றுப் பக்கங்களும் வேண்டும். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளவாறே எழுத்துப் பிசகாமல் பதிய வேண்டும். கட்டணம் ஒரு முறை செலுத்தினால், விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடையாது. இந்திய அரசின் தளத்தைப் போலவே தோற்றங்காட்டி, இருமடங்கும் மும்மடங்கும் கட்டணம் பறிக்கும் தனியார் தளங்கள் பல உள்ளன. அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். கைப்பேசியில் நமக்கு உதவும் பிள்ளைகளிடம் இதனை முதலில் பார்க்கச் சொல்லுக. 2024 சூலை 1 முதல் 2025 சூன் 30 வரை என்று அறிவித்து, மலேசியர்க்கு முப்பது நாள் விசாக் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது. அக்காலத்துச் செய்தியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு "விசா இலவசம்" என்று கூறுவோர் பேச்சை நம்பாமல், விண்ணப்பிக்கும் நாளில் அரசுத் தளம் காட்டும் கட்டணத்தையே கொள்க.

விசா கிடைத்ததும் அதனைத் தாளில் அச்சிட்டு உடன் கொண்டுசெல்ல வேண்டும். சென்னை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் ஆகிய நான்கு விமான நிலையங்களிலும் மின்வழி விசாவுடன் இறங்கலாம். அங்கே விரல் ரேகை பதிவு செய்வர். பால் வெட்டி விரல் தேய்ந்தவர்க்கு ரேகை விழச் சற்று நேரமாகலாம்; அஞ்ச வேண்டுவதில்லை. 2025 அக்டோபர் 1 முதல், இந்தியா செல்லும் வெளிநாட்டவர் வருகை அட்டையையும் பயணத்திற்கு முந்திய 72 மணி நேரத்திற்குள் மின்வழியே நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணமில்லை. ஐந்தாண்டு விசா உயிரோடிருக்கையில் கடவுச்சீட்டு முடிந்து புதியது எடுக்க நேர்ந்தால், பழைய கடவுச்சீட்டையும் சேர்த்துக் கொண்டுசெல்க. விசா அந்தப் பழைய எண்ணின் பேரில் வழங்கப்பட்டதாகும்.

தீபாவளிக்கு முன் சென்று சேலைகளும் பாத்திரங்களும் வாங்கிவந்து தோட்டத்தில் தவணைக்கு விற்கும் தாய்மார்க்கு ஒரு சொல். தம் வீட்டுக்கு வாங்குவது வேறு, வாணிகத்திற்கு வாங்குவது வேறு. பின்னதற்கென வணிக விசா தனியே உண்டு. ஓராண்டுக் காலம், பல நுழைவு உடையது. மருத்துவத்திற்குச் செல்வோர்க்கும் தனி விசா உண்டு. அறுபது நாளுக்குள் மூன்று முறை நுழையலாம். துணைக்குச் செல்லும் இருவர் வரை அவர்க்கென விசா பெறலாம். சென்னை மருத்துவமனைகளில் அறுவை செய்துகொண்டு, மறுமுறை காட்டச் செல்ல வேண்டியவர்களுக்கு இது பொருந்தும்.

முப்பது நாள் தீரும் தறுவாயில், "இன்னும் பத்து நாள் இருந்துவிட்டுப் போ" என்று உறவினர் கையைப் பிடிப்பது இயல்பு. மின்வழிச் சுற்றுலா விசாவை அங்கிருந்துகொண்டு நீட்டிக்கவோ வேறு வகையாக மாற்றவோ இயலாது. 2025 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள இந்தியக் குடிநுழைவுச் சட்டத்தின்படி, காலங்கடந்து தங்கும் வெளிநாட்டவர்க்கு மூன்றாண்டு வரை சிறை, மூன்று இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இனி, பலரும் கேட்கும் ஓ.சி.ஐ. அட்டை. 'இந்தியக் கடல்கடந்த குடியுரிமை' என்று இதன் பெயரை மொழிபெயர்ப்பதால் விளைந்த குழப்பம் மிகப் பெரிது. இது குடியுரிமை அன்று. இந்திய அரசியலமைப்பு இரட்டைக் குடியுரிமைக்கு இடங்கொடாது. நம் கூட்டரசு அரசியலமைப்பும், தாமே விரும்பிப் பிறநாட்டுக் குடியுரிமை பெறுவோரின் குடியுரிமையைப் பறிக்க 24ஆம் பிரிவில் வகைசெய்துள்ளது. ஓ.சி.ஐ. அட்டை என்பது, இந்திய வமிசாவளியினராகிய பிறநாட்டுக் குடிமக்களுக்கு வழங்கப்படும் வாழ்நாள் விசா என்று கொள்வதே சரி. எத்தனை முறையும் நுழையலாம். எத்தனை நாளும் தங்கலாம். காவல் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியதில்லை. வாக்குரிமை இல்லை. அரசுப் பதவி இல்லை. விவசாய நிலமும் தோட்ட நிலமும் வாங்க இயலாது. இந்தக் கடைசி விதியை அறியாமல், ஊரில் வயல் வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் சேமநிதிப் பணத்தைக் கொடுப்பது அறியாமையிற் பெரிய அறியாமை.

இதனைப் பெற யாருக்குத் தகுதி? 1950 சனவரி 26இலோ அதற்குப் பின்னோ இந்தியக் குடிமகனாக இருந்தவர், அல்லது அந்நாளில் இந்தியக் குடிமகனாகும் தகுதி பெற்றிருந்தவர் ஆகியோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் விண்ணப்பிக்கலாம். முதலில் பேரன் வரை என்றிருந்ததை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் கொள்ளுப்பேரன் வரை நீட்டிற்று. வெளிநாட்டில் விண்ணப்பிக்கும் கட்டணம் 275 அமெரிக்க டாலர். ஒரு வெட்டுத் தொழிலாளியின் வருமானத்திற்கு இது சிறு தொகையன்று. ஐந்தாண்டில் ஒரு முறை செல்பவர் இதனை நாடுவதில் பொருளில்லை என்பது நம் எண்ணம்.

கட்டணத்தினும் கடினமானது சான்று. பாட்டன் இந்தியாவிலிருந்து வந்தவர் என்பதற்கு ஓர் ஆவணமும், அவர் மகன் தந்தை, தந்தையின் மகன் தாம் என்பதற்குச் சங்கிலிபோல் ஒன்றையொன்று தொடும் பிறப்புப் பத்திரங்களும் திருமணப் பத்திரங்களும் வேண்டும். இங்கேதான் நம் மக்கள் தடுமாறுகின்றனர். பிள்ளை பிறந்தால் தோட்டத்துக் கிராணியார் தம் காதில் விழுந்தவாறு பெயரை எழுதியனுப்பிய காலம் ஒன்றிருந்தது. தந்தை பெயர் ஒரு பத்திரத்தில் 'முனியாண்டி', மற்றொன்றில் 'முனுசாமி', அடையாள அட்டையில் வெறும் 'முனி'. மூன்றும் ஒருவரே என்பது லயம் முழுதும் அறிந்த உண்மை. ஆயினும் அலுவலக மேசைக்கு அது மூன்று ஆள். இத்தகைய வேறுபாடு இருப்பின், இருவரும் ஒருவரே என்று ஆணையர் முன் சத்தியப் பிரமாணம் செய்து இணைப்பதும், தொலைந்த பத்திரங்களுக்குத் தேசியப் பதிவிலாகாவில் நகல் கேட்பதும் முதலிற் செய்ய வேண்டியவை. பெரியவர்கள் உயிரோடிருக்கும்பொழுதே அவர்தம் பிறந்த ஊர், தாலுக்கா, மாவட்டம், உடன்பிறந்தார் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்க. இந்திய அரசு 1938இல் தொழிலாளர்கள் மலாயாவுக்கு வருவதைத் தடைசெய்வதற்கு முன்பு வந்தவர்களின் பழைய கடவுச்சீட்டும் கப்பற்சீட்டும் இன்னும் சில வீடுகளில் தகரப் பெட்டியில் கிடக்கின்றன. வீடு மாறும்பொழுது குப்பையென்று எண்ணி எரித்துவிடாதீர்.

சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் முதியோர் நிலை வேறு. அவர்களுள் இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்க்கு இந்தியா செல்ல விசா தேவையில்லை. ஆனால் மலேசியாவுக்குத் திரும்பி நுழையும் அனுமதி செல்லுபடியாக உள்ளதா என்பதனைப் பயணச்சீட்டு வாங்கும் முன்பே குடிநுழைவுத் துறையில் கேட்டறிதல் இன்றியமையாதது. போகும் வழி திறந்திருந்து வரும் வழி அடைபட்டால், அறுபதாண்டு வாழ்ந்த இடத்திற்கு அவர் மனுப்போட்டு வரவேண்டியிருக்கும்.

அங்கிருந்து உறவினர் நம்மைக் காண வருவதும் இன்று எளிதாகியுள்ளது. இந்தியக் கடவுச்சீட்டினர் விசாவின்றி முப்பது நாள் வரை தங்க, 2023 டிசம்பர் 1 முதல் மலேசிய அரசு இசைந்தது. அச்சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. வருமுன் மூன்று நாளுக்குள் மின்வழி வருகை அட்டையை அவர்கள் நிரப்ப வேண்டும். வந்த மைத்துனர், "சும்மா இருப்பானேன்" என்று நம்முடன் கத்தியை எடுத்துக்கொண்டு காலையில் பால் மரம் வெட்டக் கிளம்பினால், அன்புடன் தடுத்துவிடுக. விருந்தினராக வந்தவர் கூலிக்கோ உதவிக்கோ வேலை செய்தால், அவரும் குற்றவாளி, வேலை கொடுத்தவரும் குற்றவாளி.