முதுமையும் தைராய்டு மாத்திரையும்

எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர், இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கவலையுறுவதாகக் கொள்வோம். அதில் டி.எஸ்.எச். அளவு லிட்டருக்கு 6 மில்லி யூனிட் என்றிருக்கிறது. சற்றே சோர்வும் மலச்சிக்கலும் அவருக்கு உண்டு. இனி ஆயுள் முழுவதும் மாத்திரை உண்ண வேண்டுமோ என்பது அவருடைய ஐயம்.

கழுத்தின் முன்புறத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி, தைராக்ஸின் என்னும் பொருளைச் சுரந்து உடலின் வெப்பத்தையும் இயக்கத்தையும் காக்கிறது. அது குறைந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி டி.எஸ்.எச். என்னும் ஏவல் பொருளை மிகுதியாக அனுப்புகிறது. வேலை தளரும்போது மேஸ்திரி குரலை உயர்த்துவதைப் போன்றதே இது. ஆனால், குரல் உயர்ந்திருப்பினும் வேலை குறைவின்றி நடைபெறக்கூடும். ஆகவே தைராக்ஸின் அளவையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

டி.எஸ்.எச். அளவு 4 அல்லது அதற்குச் சற்று மேல் வரை இயல்பு என்பர். எனினும் வயது ஏற ஏற அது சிறிது உயர்வது இயற்கையே. வேறு நோயிலிருந்து தேறும் காலத்திலும் தற்காலிகமாக உயர்வதுண்டு. எனவே, இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மறுபடியும் சோதித்தறிவது நன்று.

ஐரோப்பாவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேரிடம் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. இவர்களுக்கு டி.எஸ்.எச். மட்டுமே சிறிது உயர்ந்திருந்தது, தைராக்ஸின் குறையவில்லை. ஒரு சாராருக்கு உண்மை மாத்திரையும், மறுசாராருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் வழங்கினர். ஓராண்டுக்குப்பின் சோர்விலோ பிற தொல்லைகளிலோ இரு சாராரிடையே வேறுபாடு காணப்படவில்லை.

பயனில்லாவிடினும் தீங்கில்லையே என எண்ணலாகாது. மருந்து மிகுந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் மெலியும். முதுமையில் இவ்விரண்டும் பெருந்துன்பம் தருவன.

அதற்காக மருந்தையே வெறுத்தலும் தவறாகும். தைராக்ஸின் உண்மையில் குறைந்திருந்தால் மருந்து இன்றியமையாதது. டி.எஸ்.எச். 10-க்கு மேல் நிலைத்து நின்றாலும், மருந்து தொடங்குவது பற்றி மருத்துவர் ஆராய்ந்து முடிவு செய்வார். முதியோருக்கு, அதிலும் இதய நோயுள்ளோருக்கு, சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவதே முறை. மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொள்ள வேண்டும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளை நான்கு மணி நேரம் கழித்தே உண்ணலாம்.

முன்பே மருந்துண்டு வருவோர் தாமாக நிறுத்திவிடலாகாது. புதிதாகத் தொடங்க எண்ணுவோரோ, "எனக்குத் தைராக்ஸின் குறைந்துள்ளதா? மறு சோதனை செய்யலாமா?" என்று மருத்துவரைக் கேட்கத் தயங்க வேண்டுவதில்லை. ஒரே ஒரு சோதனைத் தாளை நம்பி நாம் ஆயுட்கால மருந்தைத் தொடங்குவது அறிவுடைமையாகாது.