விண்மீன் வீசிய சிதறல்

1901 பிப்ரவரி 21 இரவு. எடின்பரோவில் வானியல் ஆர்வலர் தாமஸ் ஆண்டர்சன், பர்சியஸ் விண்மீன் குழுவில் அதுவரை கண்டிராத ஒரு விண்மீனைப் பார்த்தார். இரண்டே நாளில் அது வானின் மிகப் பிரகாசமான விண்மீன்களுள் ஒன்றாகி, பிறகு மங்கத் தொடங்கியது. இன்று அதை ஜிகே பெர்சி என்கிறோம்.

அங்கே இருப்பது ஒரு விண்மீன் ஜோடி. அதில் வெள்ளைக் குள்ளன் எனும் அடர்ந்த விண்மீன் எச்சம், துணை விண்மீனின் வாயுவை இழுத்துத் தன்மேல் சேர்க்கிறது. சேர்ந்த ஹைட்ரஜனின் அடியில் அழுத்தமும் வெப்பமும் எல்லை மீறியதும் அணுக்கரு இணைவு கட்டுக்கடங்காமல் மூளுகிறது. மேலடுக்கு சிதறிப் பறக்கும், விண்மீன் பிழைத்துக்கொள்ளும். இதுதான் நோவா.

1901இன் பிற்பகுதியில் எடுத்த படங்களில் அந்த விண்மீனைச் சுற்றி ஓர் ஒளிமூட்டம் விரிந்தது. கணக்கிட்டால் ஒளியையே மிஞ்சும் வேகம்! புதிரை அவிழ்த்தவர்களில் நெதர்லாந்தின் காப்டைனும் ஒருவர். நகர்ந்தது பொருள் அல்ல. முன்பே அங்கிருந்த தூசியில் வெடிப்பின் வெளிச்சம் அடுத்தடுத்துப் பட்டுத் தெறித்திருந்தது. உண்மையான சிதறல் கண்ணில் பட 1916 ஆயிற்று. கண்டவர் அமெரிக்க வானியலாளர் பர்னார்ட்.

அந்தச் சிதறல் ஒரு கூடு; அது நூற்றுக்கணக்கான வாயு முடிச்சுகளால் ஆனது. அவற்றை இரண்டு வழிகளில் அளக்கிறார்கள். ஆண்டுகள் இடைவெளிவிட்டு எடுத்த படங்களை ஒப்பிட்டால் பக்கவாட்டு நகர்வு தெரியும். வேகமான முடிச்சு ஆண்டுக்கு ஒரு பாகையின் 7,200இல் ஒரு பங்கு அளவு நகர்கிறது. நம்மை நோக்கி வரும் வேகத்தை நிறமாலை சொல்லும். நைட்ரஜன் 658.4 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு சிவப்புக் கோடாக ஒளிர்கிறது. நொடிக்கு 1,000 கிலோமீட்டர் வேகத்தில் நம் பக்கம் வரும் முடிச்சில் அந்தக் கோடு 656.2க்கு இறங்கிவிடும். அது ஹைட்ரஜனின் 656.3 கோட்டுக்கு ஒட்டிய இடம். ஆகவே எந்தக் கோடு எந்தத் தனிமத்துடையது என்பதைக் கவனமாகப் பிரித்தறிய வேண்டும்.

கூடு ஏறக்குறைய உருண்டையாக, எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் விரிகிறது என்று கொண்டால், கிலோமீட்டர் கணக்கில் ஒரு வேகம், கோணக் கணக்கில் இன்னொன்று என இரண்டும் கையில் உண்டு. ஒன்றோடொன்று பொருத்தினால் தொலைவு கிடைத்துவிடும்: சுமார் 1,400 ஒளியாண்டு. நூறாண்டு கடந்தும் முடிச்சுகளின் வேகம் பெரிதாகக் குறையவில்லை.

சிவப்புக் கோடுகளை மட்டும் விடும் வடிகட்டியும் நீண்ட நேர ஒளிப்பதிவும் இருந்தால், இன்று ஆர்வலர்களின் தொலைநோக்கிகளும் இந்தக் கூட்டைப் படம்பிடிக்கின்றன. பத்து ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு நல்ல படங்கள் போதும், முடிச்சுகள் இடம் மாறியிருப்பது தெரியும்.