திரும்பிப் பார்க்கும் வேளை

இறைவன் எங்கும் நிறைந்திருக்கிறார் என்று நாம் சிறு வயதிலேயே மறைக்கல்வி வகுப்பில் கற்றோம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அடுப்படியிலும் வயல் வரப்பிலும் பேருந்து நிலையத்திலும் அவர் நம்மோடு இருக்கிறார் என்னும் உணர்வு நமக்கு எத்தனை நாள் இருக்கிறது? ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, அவ்வுணர்வையும் ஆலயத்திற்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வருகிறோமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இதைக் குறித்துப் பேசும்போதெல்லாம் கம்பம் பள்ளத்தாக்கின் தாய்மாரிடமிருந்து நாம் கேட்கும் மறுமொழி ஒன்றுண்டு. “சாமி, கோழி கூப்பிட ஜீப்பு ஏறுறோம், விளக்கு வைக்க வீடு திரும்புறோம். இதுல செபம் சொல்ல நேரம் எங்க இருக்கு?” என்பதே அது.

இதனைச் சோம்பேறிகளின் சாக்கு என்று ஒதுக்கிவிட இயலாது. கம்பம், கூடலூர், போடி முதலிய ஊர்களிலிருந்து விடியுமுன்னே புறப்பட்டு, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் பலர். ஏலச்செடியின் காய்ச்சரம் தரையை ஒட்டிப் படர்வது. ஆதலின் நாள் முழுவதும் குனிந்தோ குத்துக்காலிட்டோதான் காய் எடுக்க வேண்டும். ஒரே சரத்தில் பழமும் பிஞ்சும் கலந்திருக்கும். பிஞ்சை விட்டுப் பழத்தை மட்டும் பறிக்க வேண்டும். மழையும் அட்டைக்கடியும் போதாவென்று, மாலையில் வீடு வந்தால் அடுப்பு காத்திருக்கும். இவர்கள் வாழ்வில் ஆன்மிக விழிப்புக்கு இடமுண்டா? உண்டு என்றே சொல்வோம். அதற்கு வேண்டியது நீண்ட ஓய்வு நேரமன்று. நாள்தோறும் சிறிது நேரம் திரும்பிப் பார்க்கும் பழக்கமே.

பின்னரே அறிந்தவர்கள்

ஆன்மிக விழிப்பு என்றால் ஒவ்வொரு நொடியும் உள்ளத்தில் பக்தி பொங்க வேண்டும் என்று பலர் நினைக்கின்றனர். விவிலியம் அவ்வாறு காட்டவில்லை. தொடக்க நூலில் யாக்கோபு, அண்ணனுக்கு அஞ்சி ஓடும் வழியில், கல்லைத் தலைக்கு வைத்துப் படுக்கிறார். துயில் கலைந்து எழுந்த பிறகே, ஆண்டவர் அவ்விடத்தில் இருந்ததையும் தாம் அதை அறியாதிருந்ததையும் உணர்கிறார். எம்மாவுசுக்குச் சென்ற சீடர் இருவரும் உயிர்த்த ஆண்டவரோடு நெடுவழி நடந்தனர்; அவரை இன்னார் என்று அறியவில்லை. அப்பம் பிட்கப்பட்டு அவர் மறைந்தபின் அல்லவா, வழியில் தங்கள் உள்ளம் பற்றியெரிந்ததை அவர்கள் நினைவுகூர்ந்தார்கள்?

இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்கு ஆறுதல் தருவன. வேலையின் நெருக்கத்தில் இறைவனை உணராமல் போவது வியப்பன்று. அடியார்களுக்கும் அவ்வாறே நேர்ந்தது. ஆனால் அவர்கள் பின்னர் நினைத்துப் பார்த்தார்கள். நினைத்துப் பார்த்ததால் கண்டுகொண்டார்கள்.

பாரிசு நகரத்துக் கார்மேல் மடமொன்றில் சமையற்காரராகப் பணியாற்றிய சகோதரர் லாரன்சு, பாத்திரங்களின் நடுவிலும் இறைப் பிரசன்னத்தில் வாழ்ந்தவர் எனப் பெயர் பெற்றவர். 1691-ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்த அவருக்கும் அந்நிலை ஒரே நாளில் வாய்க்கவில்லை. தொடக்கத்தில் பல ஆண்டுகள் மனப் போராட்டத்தில் கழிந்தன. எனவே நாம் எளியதிலிருந்து தொடங்குவதில் தவறில்லை.

நோய்ப்படுக்கையில் கற்ற பாடம்

திரும்பிப் பார்க்கும் இப்பழக்கத்தைத் திருச்சபைக்கு ஒழுங்குபடுத்தித் தந்தவர்களுள் தலையாயவர் புனித இஞ்ஞாசியார். 1521-ஆம் ஆண்டு பம்பலோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு அவரது காலை முறித்தது. லொயோலாவில் படுத்திருந்த மாதங்களில் பொழுது போக்க அவருக்குக் கிடைத்தவை கிறிஸ்து நாதரின் வரலாறும் புனிதர் வரலாறும் மட்டுமே. அவற்றை வாசிக்காத வேளைகளில் வீரச் செயல்களையும் அரண்மனை வாழ்வையும் கற்பனை செய்து மகிழ்ந்தார்.

நாளடைவில் ஒன்றைக் கவனித்தார். உலகப் புகழைப் பற்றிய கற்பனை அந்நேரத்திற்கு இனித்தது. முடிந்ததும் உள்ளம் வறண்டது. புனிதர்களைப் போல் வாழ நினைத்த எண்ணமோ முடிந்த பின்னரும் மகிழ்ச்சியை விட்டுச் சென்றது. எந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைப் பின்னோக்கிப் பார்த்தே அறிந்தார். 1548-இல் அச்சான அவரது ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்னும் நூலில் ஆன்ம சோதனை முக்கிய இடம் பெற்றது. தம் சபையினர் நாளுக்கு இருமுறை அதைச் செய்யவும் அவர் பணித்தார். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் தெ நோபிலியும், அவருக்குப் பின் இத்திருமறைத் தளத்தில் உழைத்த இயேசு சபைக் குருக்களும் இப்பயிற்சியில் வளர்ந்தவர்களே.

நேரமில்லாதவர்களுக்கு இஞ்ஞாசியார் சொன்ன அறிவுரையும் நம் கவனத்திற்குரியது. படிப்பில் ஈடுபட்டிருந்த இளந்துறவியர் நீண்ட தியானம் செய்ய இயலாத நிலை பற்றி, 1551-ஆம் ஆண்டில் அவர் சார்பில் ஒரு மடல் எழுதப்பட்டது. நடக்கையிலும் பேசுகையிலும் காண்கையிலும் உண்கையிலும் கேட்கையிலும் இறைவனைத் தேடப் பழகலாம் என்பது அதன் சாரம். அன்று மாணவருக்குச் சொன்னது இன்று காய் எடுக்கும் தாய்க்கும் பொருந்தும் அன்றோ?

தேக்கித் திருப்புதல்

ஆன்ம சோதனை என்பது யாதென அறிய நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. பெரியாறு இயல்பாக மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறு. மலைக்கு அப்பால் மழை கொட்ட, இப்பாலுள்ள நிலம் வறண்டு கிடந்தது. கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் தலைமையில் 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த அணை அந்நீரைத் தேக்கியது. மலையைக் குடைந்து, ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில் அமைத்த சுரங்கம் அதனைக் கிழக்கே திருப்பியது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்வயல்கள் அந்நீரை நம்பியுள்ளன.

அணை கட்டியவர்கள் புதிதாக மழை பெய்விக்கவில்லை. பெய்த மழையையே தேக்கித் திருப்பினார்கள். நம் நாளும் ஓர் ஆறு போன்றதே. எத்தனையோ அருள்கள் அதில் வருகின்றன. தேக்குவாரின்றி இரவோடு இரவாகக் கடலுக்குப் போய்விடுகின்றன. பத்து அல்லது பதினைந்து நிமிடம் நின்று பார்த்தால் அவை நம் வயலுக்குப் பாயும்.

ஐந்து படிகள்

இஞ்ஞாசியார் காட்டும் படிகள் ஐந்து. முதலாவது, நன்றி. நன்றி செலுத்த நம் பள்ளத்தாக்கு மக்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பென்னிகுயிக்கின் பிறந்த நாளாகிய சனவரி 15 அன்று பொங்கலிட்டு அவரை நினைவுகூர்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-ஆம் ஆண்டு அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது. இந்த நன்றியை இன்னும் சற்று விரிப்போம். மலைக்காய்ச்சலில் மாண்டு, பெயரும் தெரியாமல் போன அணைத் தொழிலாளர் எத்தனை பேர்! இன்று காலை நமக்குச் சோறு கட்டித் தந்தவர் யார்? பேருந்தில் எழுந்து இடம் கொடுத்தவர் யார்? ஒவ்வொருவராக நினைத்து, அவர்களை அனுப்பிய இறைவனைப் போற்றுவோம்.

இரண்டாவது, ஒளி கேட்டல். நம்மை நாமே பார்த்தால் குறைகளை மறைப்போம், அல்லது மனம் சோர்வோம். தூய ஆவியின் ஒளியில் பார்த்தால் உண்மையும் தெரியும், நம்பிக்கையும் குன்றாது.

மூன்றாவது, அன்றைய நாளை மணிக்கு மணி பார்வையிடல். இதைத் திராட்சை விவசாயியிடம் கற்கலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைப் பயிரிடுவோர், கொடியை மேலோட்டமாகப் பார்த்துத் திருப்தியடைவதில்லை. அடிச்சாம்பல் நோயின் வெண்பூஞ்சை இலையின் அடிப்புறத்தில் படர்வது. பந்தலுக்குக் கீழே நடந்து, அண்ணாந்து, இலை இலையாகப் பார்ப்பவரே அதைத் தொடக்கத்தில் காண்பார். நம் நாளுக்கும் அடிப்புறம் உண்டு. செய்த செயல் சரியாக இருக்கலாம். எந்த எண்ணத்தோடு செய்தோம்? கொடுத்தபோது பிறர் பார்க்க வேண்டும் என்று கொடுத்தோமா? கண்டித்தபோது பிள்ளை திருந்த வேண்டும் என்று கண்டித்தோமா, நம் கோபம் தீர வேண்டும் என்று கண்டித்தோமா? நோயை மட்டுமன்றிப் புதுத் தளிரையும் விவசாயி காண்கிறார். நாமும் எங்கே பொறுமை துளிர்த்தது, எங்கே உள்ளம் அமைதி கண்டது என்று பார்ப்போம்.

நான்காவது, மன்னிப்புக் கேட்டல். ஐந்தாவது, நாளைக்கென ஒரு தீர்மானம். பத்துத் தீர்மானம் வேண்டா, ஒன்று போதும். அதுவும் செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

யாரைக் கண்டோம்?

இப்பழக்கம் நம்மைச் சரியான வழியில் நடத்துகிறதா என்பதை எப்படி அறிவது? செபத்தில் எவ்வளவு இன்பம் கிடைத்தது என்பது அளவுகோலன்று. நல்ல சமாரியன் உவமையில் குருவும் லேவியனும் அடிபட்டவனைக் கண்டார்கள்; கண்டும் விலகிப் போனார்கள். இறுதித் தீர்ப்பைப் பற்றிய நற்செய்திப் பகுதியிலோ, பசித்தவருக்கு உணவளித்த நல்லோர், தாங்கள் ஆண்டவருக்கே அளித்ததை அறியாமலே அளித்திருந்தனர். இறைவனைக் காண்பதும் அயலாரைக் காண்பதும் வெவ்வேறல்ல என்பது இவற்றால் விளங்குகிறது. ஆகவே அந்த வேளையில் நாம் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி, ‘இன்று யாரைக் கண்டும் காணாமல் போனேன்?’ என்பதாகும்.

மலையிலிருந்து இறங்கி வரும் தாய்க்கு வீட்டில் என்ன காத்திருக்கிறது? அவர் புறப்பட்டபோது பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். திரும்பும்போது ஆளுக்கொரு கைப்பேசியில் மூழ்கியிருக்கின்றனர். கணவர் கூலியை மதுக்கடையில் செலவிட்டிருந்தால் வீட்டில் சண்டையும் சேர்ந்துகொள்ளும். மழையில் நாளெல்லாம் ஊறிய அந்தக் கைகளை அவ்வீட்டில் ஒருவராவது பார்த்தார்களா? அத்தாய்க்குச் செபிக்க நேரமில்லை என்றால், அந்த நேரத்தை எடுத்துக்கொண்டவர்கள் யாவர்? அவர் திரும்புமுன் மகன் தண்ணீர் பிடித்து வைத்து, கணவர் உலை ஏற்றி வைத்தால், ஒரு வீட்டில் செபத்திற்கு நேரம் பிறந்துவிடும். இது நடவாத வீட்டில், பெண்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று பேச ஆண்களுக்கு உரிமையில்லை.

வீட்டுக்கு வெளியேயும் இவ்விழிப்பு வேண்டும். அளவுக்கு மீறி ஆளேற்றிய ஜீப்புகள் மலை வளைவுகளில் விபத்துக்குள்ளான செய்திகளை நாம் படித்திருக்கிறோம். இனி ஓர் ஆளையும் கூடுதலாக ஏற்றமாட்டேன் என்று ஓட்டுநர் ஒருவர் உறுதி கொண்டால், அது ஆன்மிக விழிப்பே. கூலியைக் குறித்த நாளில் கொடுக்கும் தோட்ட உரிமையாளரும், மருந்து தெளித்தபின் விடவேண்டிய நாள்கள் கழியுமுன் பழத்தைச் சந்தைக்கு அனுப்பாத விவசாயியும் விழித்திருப்பவர்களே. வாடிக்கையாளர் முகம் தெரியாவிட்டாலும், அந்தப் பழத்தை உண்ணும் குழந்தையை அவர் கண்டுவிட்டார்.

இன்றிரவே

இதை எங்கே செய்வது என்று மலைக்க வேண்டா. ஜீப்பில் திரும்பும் வழியே ஒரு தாய்க்கு ஆலயம் ஆகலாம். குமுளிச் சாலை இறங்கும் வேளையில் கண்ணை மூடி, காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக இறைவனிடம் சொல்லலாம். சொற்கள் அமையாவிட்டால், உடன் வேலை செய்தவர்களின் பெயர்களைச் சொன்னாலும் போதும். கண் அயர்ந்துவிட்டால் அஞ்ச வேண்டா. தந்தையின் மடியில் உறங்கும் குழந்தையை எந்தத் தந்தையும் கடிந்துகொள்வதில்லை.

குடும்பத்தில் இரவு உணவுக்குப்பின், கைப்பேசிகளை ஒருபுறம் வைத்துவிட்டு எல்லாரும் கூடுங்கள். ஐந்து நிமிடம் மௌனம். பின்னர் ஒவ்வொருவரும் அன்று பெற்ற ஒரு நன்மையைச் சொல்லட்டும். சிறு பிள்ளையிலிருந்து தொடங்குங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அங்கேயே கேட்கட்டும். ஒரு பர லோக மந்திரத்தோடு முடியுங்கள். செபமாலை சொல்லும் இல்லங்களில் அதற்கு முன் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் சில நாள் பேச்சு வராது, பிள்ளைகள் சிரிப்பார்கள், தந்தையர்க்குக் கூச்சமாக இருக்கும். ஒரு மாதம் விடாமல் செய்து பாருங்கள். மாலையில் எதைச் சொல்வது என்று காலையிலேயே கண் தேடத் தொடங்கும். அவ்வாறு தேடும் கண்ணுக்கு இறைவன் தம்மை மறைப்பதில்லை.