பாரில் வேலை பார்க்கும் மருமகன்

நாச்சாரத்தில் என் தங்கை வீட்டில் இரண்டு வருடங்களாக ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. அந்தச் சொல் 'பார்'. அவளுடைய ஒரே மகன் ஹோட்டல் நிர்வாகம் படித்துவிட்டு, மாலத்தீவின் உல்லாசத் தீவு ஒன்றில், இத்தாலிய பாணிக் கடற்கரை பாரில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். உறவினர் யாராவது விசாரித்தால் "வெளிநாட்டில் ஹோட்டல் உத்தியோகம்" என்று சொல்லிவிட்டு, காபி கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விடுவாள். பெண் தேடத் தொடங்கியதும் இந்த உபாயம் பலிக்கவில்லை. தார்நாகாவில் ஒரு நல்ல இடம். ஜாதகமெல்லாம் பொருந்தி வந்து, கடைசி நேரத்தில் கைநழுவியது. "பையன் பாரில் ஊற்றிக் கொடுக்கிறானாமே?" என்று பெண்ணின் பெரியப்பா தொலைபேசியில் கேட்டார். அந்தத் தொலைபேசியை எடுத்தவன் அடியேன். "அதெல்லாம் இல்லை, உணவு விடுதிதான்" என்று மழுப்பினேன். அவர் நம்பவில்லை. நம்பாததும் நியாயம்தான்.

நேரில் போய்ப் பார்த்துவிட்டால் என்ன என்று தோன்றியது. 2023 பிப்ரவரியில் நானும் மனைவியும் கொச்சி வழியாக மாலேயில் போய் இறங்கினோம்.

மாலத்தீவு நமக்கு அப்படியொன்றும் தூர தேசமில்லை. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 600 கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் காய்கறியும் கட்டடக் கல்லும் அங்கே கப்பலேறுகின்றன. மாசிக் கருவாட்டுக்குப் பெயர்போன இடமும் அதுவே. ஏறக்குறைய 1,200 தீவுகள். மக்கள் குடியிருப்பது இருநூறுக்கும் குறைவானவற்றில். இங்கே இத்தாலிக்காரர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்?

அது ஒரு சுவையான கதை. ஜார்ஜ் கார்பின் என்ற இத்தாலியப் பயண முகவர், யார் கால்தடமும் படாத கடற்கரை தேடிக் கொழும்பு வரை வந்தவர், அங்கே அகமது நசீம் என்ற மாலத்தீவு இளைஞரைச் சந்தித்தார். அந்தப் பழக்கத்தின் பலனாக 1972 பிப்ரவரியில் முதல் சுற்றுலாக் கூட்டம் மாலே வந்து இறங்கியது. வந்தவர்கள் இத்தாலியர்கள். தங்குவதற்கு அப்போது ஹோட்டல் ஏது? மாலேயில் சாதாரண வீடுகளில்தான் தங்கினார்கள். அதே வருடம் அக்டோபரில் முதல் உல்லாசத் தீவு திறக்கப்பட்டது. பெயர் குரும்பா, திவேகி மொழியில் இளநீர்க்காய் என்று பொருள். நம் 'குரும்பை' ஞாபகத்துக்கு வருகிறதல்லவா? பவளக்கல்லும் கீற்றும் கொண்டு கட்டிய சுமார் முப்பது அறைகள். ஆக, வந்த முதல் விருந்தாளியின் ருசி அந்தத் தீவுகளில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் தங்கியது மாஃபுஷி என்ற ஊரில். உல்லாசத் தீவுகளில் தங்க நம் பர்சு இடம் தராது. 2009க்குப் பிறகு குடியிருப்புத் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்களை அரசாங்கம் அனுமதித்ததால், நம்மைப் போன்றவர்களும் போய்வர முடிகிறது. பள்ளிவாசல், பள்ளிக்கூடம், மளிகைக் கடை, வெள்ளைக்காரர் குளிப்பதற்கென்று மறைப்புக் கட்டிய தனிக் கடற்கரை, எல்லாம் பத்து நிமிட நடையில். மணலில் நாற்காலி போட்டு இத்தாலியக் காபி கொடுக்கிறார்கள். மதுவுக்கு மட்டும் இடமில்லை. இஸ்லாமிய நாடான மாலத்தீவில், மக்கள் குடியிருக்கும் தீவுகளில் மது விற்கக் கூடாது. நாம் கையோடு கொண்டுபோன புட்டியையும் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பும்போதுதான் தருவார்கள். உரிமம் பெற்ற உல்லாசத் தீவுகளில் விற்கலாம். குடிக்காமல் முடியாதவர்களுக்காகத் தீவுக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும் படகு பார்களும் உண்டு.

மூன்றாம் நாள், ஒரு பகலுக்கு மட்டும் கட்டணம் செலுத்தி, மருமகன் வேலை பார்க்கும் தீவுக்குப் படகேறினோம்.

காலை ஏழு மணிக்கு அவன் என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? காபியை ருசி பார்த்துத் துப்பிக்கொண்டிருந்தான். ஏழு கிராம் பொடி, ஒன்பது மடங்கு காற்றழுத்தத்தில் வெந்நீர், இருபத்தைந்து விநாடி, ஒரு சின்னக் கிண்ணத்தில் முப்பது மில்லி. இதுதான் எஸ்பிரெஸ்ஸோ. (அழுத்தத்தை அளக்கும் அலகுக்கும் 'பார்' என்றே பெயர். இதைத் தங்கையிடம் சொல்லவில்லை.) கடற்காற்றின் ஈரத்தில் கொட்டையும் பொடியும் நேரத்துக்கு நேரம் மாறுகின்றனவாம். நேற்று சரியாக இருந்த அரைப்பு இன்று தண்ணீரை நின்று நின்று இறக்கும். அரைக்கும் யந்திரத்தின் திருகை ஒரு மயிரிழை திருப்பி, மறுபடி ருசி பார்க்கிறான். தண்ணீரோ கடல் நீரிலிருந்து உப்பெடுத்தது. தாதுச் சத்தெல்லாம் போனால் காபி சப்பென்றாகிவிடும் என்பதால் அதற்கும் ஒரு கணக்கு. பால் அட்டைப் பெட்டியில் படகில் வருகிறது. உப்புக் காற்று யந்திரத்தை அரிக்காமலிருக்க, ராத்திரி கடை மூடியதும் ஒரு மணி நேரம் துடைப்பு. இதையெல்லாம் செய்பவனுக்கு 'பாரிஸ்டா' என்று பெயர்.

நிற்க. இத்தாலியில் 'பார்' என்றால் முதலில் காபிக் கடைதான். காலையில் ஆபீஸ் போகிறவர் உள்ளே நுழைந்து, பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, மேடையருகே நின்றபடியே இரண்டு வாயில் குடித்துவிட்டுக் கிளம்புவார். உட்கார்ந்தால் விலை கூடுதல். நம் ஊர்களில் டோக்கன் வாங்கி நின்றுகொண்டே டம்ளரை ஆற்றுகிறோமே, அதேதான். 1901ல் பெட்செரா என்பவரும் 1938ல் கஜ்ஜியா என்பவரும் காப்புரிமை பெற்ற காபி யந்திரங்களால் வளர்ந்த பழக்கம் இது. கடற்கரைக்குப் போனாலும் வரிசை வரிசையாகக் குடை விரித்து, நடுவில் ஒரு பாரை வைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்றையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். கிண்ணத்தின் மேல் பொன்னிறமாக ஒரு ஏடு மிதக்கிறது, க்ரீமா என்கிறார்கள். அது கனமாக நிற்பதற்குச் சேர்ப்பது ரோபஸ்டா கொட்டை. இந்தியாவில் விளையும் காபியில் பெரும்பகுதி ரோபஸ்டா. குடகிலும் வயநாட்டிலும் விளைவது. நம் காபியை அதிகமாக வாங்கும் நாடு இத்தாலி! பச்சைக் கொட்டையாக மத்தியதரைக் கடல் வரை போய், வறுபட்டு, பளபளப்பான பையில் இத்தாலியப் பெயரோடு மறுபடி இந்து மகாசமுத்திரத்துக்கு வருகிறது. குடகிலிருந்து மாலத்தீவுக்கு இது என்ன சுற்று வழியோ!

இவ்வளவும் சொன்னவன் மிச்சத்தையும் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே மேடையின் முகம் மாறுகிறது. காம்பாரி, அபெரோல் என்று சிவப்பும் ஆரஞ்சுமாகப் புட்டிகள் மேலே வருகின்றன. இரவு உணவுக்கு முன் பசியைத் தூண்டக் குடிப்பது இத்தாலிய வழக்கம். காலையில் மருமகனோடு நின்ற மாலத்தீவுப் பையன் வேறு பக்கம் போய்விட்டான். மது பரிமாறுவது வெளிநாட்டார் வேலை: நம்மவர், இலங்கையர், இன்னும் பலர். மருமகன் பனிக்கட்டியைப் போட்டு, சோடாவை ஊற்றி, ஆரஞ்சுத் துண்டைச் செருகி, ஒரு கிழவருக்கு நீட்டினான். என் மனைவி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகுக்குக் கொண்டுவிட வந்தபோது கேட்டேன். "ஏம்ப்பா, இதுவும் உன் வேலைதானா?"

"ஆமாம் மாமா. காலையில காபி, சாயங்காலம் இது. ரெண்டும் ஒரே வேலைதான். நீங்க யார்கிட்டயும் இல்லைன்னு சொல்லாதீங்க. இல்லைன்னு சொல்றதாலதான் ஏதோ தப்பு பண்றேன்னு நினைக்கிறாங்க."

தார்நாகாத் தொலைபேசி என் நினைவுக்கு வந்தது. அவனுக்கு அது தெரிந்திருந்ததா என்று கேட்கவில்லை.

நாச்சாரம் திரும்பியதும் தங்கை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அண்ணா, குடிக்கிறானா?" "ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை. காபி. அதையும் துப்பிவிடுகிறான்" என்றேன். சிரிக்கவில்லை. அவன் கொடுத்தனுப்பிய பொடியைப் பித்தளை ஃபில்டரில் போட்டாள். மாவு போன்ற அரைப்பு. டிகாக்ஷன் இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. காத்திருந்த நேரத்தில் நான் பார்த்ததையெல்லாம், சாயங்கால மேடை உட்பட, ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில், "அப்போ எழுதிடு அண்ணா, உள்ளதை உள்ளபடி" என்றாள்.

ஜாதகத்தோடு வைக்கும் குறிப்பில் என் கையாலேயே எழுதினேன்: 'மாலத்தீவு, இத்தாலியக் கடற்கரை பார், பாரிஸ்டா, காபியும் மதுவும் பரிமாறும் பணி.' செகந்திராபாத்தில் கல்யாணத் தரகரிடம் கொடுத்தோம். பத்து நாளில் நாலு இடத்திலிருந்து ஆர்வமாக விசாரணை! தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கோ சந்தேகம். தரகர் தட்டச்சு செய்து அனுப்பிய பிரதியை வாங்கிப் பார்த்தேன். எழுத்துப்பிழை என்று நினைத்து அவரே திருத்தியிருக்கிறார். பாரையும் மதுவையும் இடவசதிக்காக விட்டுவிட்டிருக்கிறார். 'பையன் வெளிநாட்டில் பாரிஸ்டர்.'

நாலு வீட்டுக்கும் நானே தொலைபேசி செய்தேன். மூன்று பேர் வைத்துவிட்டார்கள். நாலாவது, கோயம்புத்தூர்க்காரர், கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "லீவு எப்போ கிடைக்கும்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.